மூன்றாவது புகார்

“மறுபடியும் சத்தம் வருதுங்க” என்றாள் அவள், கைக்குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டியபடி.

வாஷிங் மெஷின் மெக்கானிக் தலையைச் சொறிந்தார். ஒரே வாரத்தில் மூன்றாவது புகார். முதல் தடவை பெல்ட்டை மாற்றினார். அடுத்த தடவை மோட்டாரையே கழற்றிப் பூட்டினார். மெஷின் என்னவோ சமர்த்தாகத்தான் ஓடியது. இன்று கூடவே ஒரு பெண்ணையும் அழைத்து வந்திருந்தார்.

“இந்த மாதிரி கேஸுக்கு என்னைவிட இவங்களுக்குத்தான் அனுபவம் ஜாஸ்தி.”

வந்தவள் மெஷின் பக்கம் திரும்பக்கூட இல்லை. “குழந்தைக்கு எத்தனை நாளாச்சு?”

“நாப்பத்தஞ்சு.”

“நீங்க தூங்குறீங்களா?”

மெஷினுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க வாயெடுத்தவளுக்கு அழுகைதான் வந்தது.

“இவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வரல. இவனைத் தூக்கவே சில நேரம் பிடிக்கல. மெஷின்ல ஒண்ணுமில்லீங்க. பகல்ல யாராவது வீட்டுக்கு வந்தா தேவலைன்னுதான்...”

“தெரியும். நான் மெக்கானிக் இல்ல, இவரோட சம்சாரம். என் பிரசவத்துக்கு அப்புறம் நானும் நல்லா இருந்த மிக்ஸியை மாசாமாசம் இவரைக் கழட்ட வெச்சேன். இது வியாதிங்க, உங்க தப்பில்ல. டாக்டர்கிட்ட காட்டினா சரியாயிடும். நாளைக்கு நானே கூட வர்றேன்.”

குழந்தை இப்போது மெக்கானிக்கின் தோளில் இருந்தது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “உங்க வீட்டுக்காரர் எவ்வளவு சீக்கிரம் புரிஞ்சுக்கிட்டார்!”

“நீங்க வேற! மிக்ஸில கோளாறு இல்லன்னு கண்டுபிடிக்க நாலு மாசம் ஆச்சு. இங்க மூணே தடவை. மனுஷன் இப்பத்தான் தொழில் கத்துக்கிட்டிருக்கார்!”