படம் வராத டெக்

"அக்கா, இது வீடா, காயலான் கடையா?"

டி.வி. மெக்கானிக்கான தம்பிக்கு உட்கார இடமில்லை. மேசை, நாற்காலி எல்லாவற்றிலும் மூடி கழற்றிய பழைய வீடியோ டெக்குகள்.

"ரிட்டயர் ஆனதும் உங்க மாமா இதைப் பிடிச்சுக்கிட்டார். நாங்க தரையில உட்கார்ந்து சாப்பிடறோம்," என்றாள் அக்கா.

"எதுல போட்டாலும் புள்ளி புள்ளியாத்தான் வருதுடா," என்றார் மாமா. இறந்துபோன மகள் பேசும் ஒரே கேசட்டை வேட்டி நுனியால் துடைத்தார். "இந்த டெக்குக்கு பெல்ட் மாத்தினா பாப்பா வந்துடுவா. இரு, கடைக்குப் போயிட்டு வந்துடறேன்."

அவர் போனதும் தம்பி தன் பையிலிருந்த வேறொரு கேசட்டை டெக்கில் போட்டான். படம் பளிச்சென்று வந்தது. அடுத்த டெக்கிலும் வந்தது. அதற்கடுத்ததிலும்.

"அக்கா, டெக் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கேசட்தான் அழிஞ்சு போச்சு."

"தெரியும். அவர் போட்டுப் பார்த்துடக் கூடாதுன்னுதான் மத்த கேசட்டை எல்லாம் தூக்கிப் போட்டேன்."

"அப்புறம் எதுக்கு இத்தனை டெக்? யார் வாங்கறா?"

"நான்தான். கோளாறு டெக்குலன்னு நினைக்கிற வரைக்கும், அவருக்குப் பாப்பா அந்த கேசட்டுக்குள்ள இருக்கா."

தம்பி தன் கேசட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

மாமா பெல்ட்டோடு வந்து அவன் முகத்தையே பார்த்தார்.

"பெல்ட் இல்ல மாமா, டெக்கோட ஹெட்டே போயிருக்கு," என்றான். "அடுத்த வாரம் நானே வேற டெக் கொண்டு வரேன்."