கடைசிப் பக்கத்துப் பென்சில்

"யாரும்மா அந்தப் போக்கிரி?" அலமாரியிலிருந்து உருவிக்கொண்டுவந்த நான்கு புத்தகங்களை நூலகர் திரிஷாவின் மேஜைமேல் தொப்பென்று போட்டார் மாணிக்கவாசகம். "எல்லாத்துலயும் கடைசிப் பக்கத்துல பென்சில்ல கிறுக்கி வெச்சிருக்கான்!"

திரிஷா புரட்டினாள்.

துப்பறியும் நாவலில், 'கொலைகாரன் யாருன்னு பத்தாம் பக்கத்துலயே தெரிஞ்சுபோச்சு.'

சமையல் புத்தகத்தில், 'எழுதினவர் அடுப்பங்கரைப் பக்கமே போனதில்லை.'

ராஜா கதையில், 'பார்டர் முழுக்க ஜரிகை. உடல் வெறும் நூல்.'

சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"சிரிக்காதம்மா! எவனோ தறிக்காரன். பட்டு நெய்யறதை வுட்டுட்டு புக்குக்கு மார்க் போட்டுக்கினு இருக்கான். நாலாவதைப் பாரு. நான் எழுதின கவிதைப் புத்தகம்! நானே இங்க குடுத்தது!"

அதில், 'பொய் முதல் பக்கத்துலயே ஆரம்பிச்சிடுது.'

"எம்மாம் திமிரு! ஆளைக் கண்டுபிடிச்சு கார்டைப் புடுங்கும்மா!"

திரிஷா கம்ப்யூட்டரில் தேடினாள். "நாலையும் ஒரே கார்டுலதான் எடுத்திருக்காங்க சார். உங்க கார்டு."

"நான் இங்க ஒரு புக்கும் எடுத்ததில்லையே!"

"உங்க வீட்டம்மா வாராவாரம் வந்து எடுத்துக்கினு போறாங்களே."

"யாரு, தில்லையம்மாளா? நாள் பூரா தறியில உக்காந்துக்கினு இருக்கிறவம்மா அவ. அவளுக்கும் புக்குக்கும் என்ன சம்பந்தம்? என் கவிதையையே அவகிட்ட நான் காட்டினதில்ல!"

திரிஷா அவருடைய புத்தகத்தின் முதல் பக்கத்தைத் திருப்பி அவர் முன்னால் நகர்த்தினாள். அங்கே அவரே எழுதிய சமர்ப்பணம், அழகாக அச்சாகியிருந்தது:

'என் கவிதைகளை முதலில் படித்துக் கருத்துச் சொல்லும் மனைவி தில்லையம்மாளுக்கு.'