எத்தனை ரூம்?

"எத்தனை ரூமுங்க சார்?"

கேள்வி அவளைத் தாண்டிப் போய் அவள் புருஷன்மேல் விழுந்தது.

ஆயிரம் எம்.பி. கனெக்‌ஷனைத் தாங்குகிற ரவுட்டர் வேண்டும் என்று, கடைக்குள் நுழைந்ததுமே சொன்னவள் அவள். சேல்ஸ்மேன் தலையாட்டிவிட்டு அவனைத்தான் பார்த்தான்.

"மூணு பெட்ரூம், ஒரு ஹால்" என்றான் அவன். "எத வாங்கிக் குடுத்தாலும் இவளுக்குப் பத்தாது."



அவளுக்கு வீட்டிலிருந்து வேலை. அவள் வாயைத் திறந்ததும் ஆன்லைன் மீட்டிங்கில் அவள் முகம் திரையில் உறையும். குரல் அறுந்து போகும். இன்னொரு தடவை அறுந்தால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று மேனேஜர் நேற்று சொல்லிவிட்டார்.

அதே நேரம் ஹாலில் கிரிக்கெட் மட்டும் ஒரு பந்துகூடத் தடங்காமல் ஓடும்.

"உனக்கும் நெட்டுக்கும் ராசியில்ல. பேசாம வேலைய விட்டுரு."

சிரித்துக்கொண்டேதான் சொல்வான் புருஷன். தினமும்.

சேல்ஸ்மேன் எட்டு ஆன்டெனா கொம்பு மாதிரி முளைத்த ரவுட்டர் ஒன்றை எடுத்து வைத்தான். அவள் அட்டைப் பெட்டியைத் திருப்பிப் படித்தாள்.

"கொம்பு எதுக்கு? பின்னாடி போர்ட் நூறுதான் போட்டிருக்கு. ஆயிரம் உள்ளதக் காட்டுங்க."

அவன் அப்போதும் அவளைப் பார்க்கவில்லை.

"இப்ப வீட்ல இருக்கறது என்ன மாடலுங்க சார்?"

புருஷன் போனில் ரவுட்டர் ஆப்பைத் திறந்து அவன் கையில் திணித்தான். பெரிய டி.வி.க்கள் இருந்த பக்கம் நகர்ந்து போனான்.

சேல்ஸ்மேனின் விரல் திரையைத் தள்ளியது.

நின்றது.

"இதே நல்ல மாடலாச்சுங்க, மேடம்."

முதல் தடவையாக அவளைப் பார்த்தான். குரல் இறங்கியிருந்தது.

"சுகிர்தா லேப்டாப்புங்கறது உங்களுதுங்களா? அதுக்கு மட்டும் ஸ்பீடைக் கட்டி வெச்சிருக்குதுங்க."

திரையை அவள் பக்கம் திருப்பினான்.

டி.வி. முழு வேகம்.

புருஷன் போன். முழு வேகம்.

அவள் பெயருக்கு எதிரே ஒரு சிவப்புப் பூட்டு. பக்கத்தில், பூட்டிய தேதி.

அவளுக்குப் பதவி உயர்வு வந்ததற்கு மறுநாள்.

அந்த ஆப்பின் பாஸ்வேர்டு அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

கவுன்ட்டர் கண்ணாடியை அவள் விரல்கள் அழுத்தின. உடைந்துவிடும் போலிருந்தது. உடையவில்லை.

"என்னடி, இன்னுமா முடிவு பண்ணல?" திரும்பி வந்தான்.

போனை அவன் கையில் வைத்தாள்.

அலமாரியின் மூலையிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தாள். பின்பக்கம் படித்தாள். ஆயிரம்.

"மேடம், அது வேகமா இருக்குமுங்க. ஆனா மூணு பெட்ரூமுக்கு எட்டாதுங்க."

"தெரியும்" என்றாள். "எனக்கு இனிமே ஒரே ரூம்தான்."