இரண்டாவது கேசட்

அந்தப் பழைய வீடியோ கேசட்டைப் பார்த்ததும் மெக்கானிக்குக்கு வாயெல்லாம் பல். "பீட்டாவா! இதெல்லாம் இன்னும் உயிரோட இருக்கா?"

அதை ஓட்டும் பிளேயர் ஊரிலேயே அவரிடம் மட்டும்தான் இருந்தது. இளையவள் அலையாய் அலைந்து கண்டுபிடித்த கடை. அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு ஆச்சரியப்படுத்தலாம் என்று, அவர் பீரோவில் பொத்திப் பொத்தி வைத்திருந்த இரண்டு கேசட்டையும் சொல்லாமல் எடுத்து வந்திருந்தாள்.

மெக்கானிக் வாய் ஓயவில்லை. வி.எச்.எஸ்.ஸைவிட இதில் படம் பளிச்சென்று இருக்குமாம். ஆனால் ஒரு கேசட் ஒரு மணி நேரம்தான் பிடிக்கும். மணிக்கொரு தரம் எழுந்துபோய் மாற்ற எவனுக்குப் பொறுமை? ஜனங்கள் நீளமாய் ஓடும் வி.எச்.எஸ். பக்கம் சாய்ந்தார்கள், பீட்டா மண்ணைக் கவ்வியது.

அந்த ஒரு மணி நேரம்தான் அப்பாவைக் காப்பாற்றியது.

முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அம்மா ரயில்வே மேம்பாலத்திலிருந்து விழுந்த சாயங்காலம், பெண்கள் இருவரும் டியூஷனில் இருந்தார்கள். அப்பா வீட்டில் கால்பந்து ஆட்டத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தாராம்.

போலீஸ் வந்தபோது இரண்டு கேசட்டையும் மேசைமேல் வைத்தார். நடுவில் ஆள் இருந்து மாற்றினால்தானே இரண்டு வரும்? ஸ்டேஷனில் இருந்ததோ வி.எச்.எஸ். பிளேயர். கேசட் அதற்குள் போகவே இல்லை. போட்டுப் பார்க்காமலே நம்பிவிட்டார்கள்.

அக்கா மட்டும் நம்பவில்லை. அப்பாதான் தள்ளிவிட்டார் என்று சாவு வீட்டிலேயே பத்துப் பேர் முன்னால் கத்தினாள்.

பெற்ற தகப்பனைப் பார்த்து அப்படிச் சொல்ல நாக்கு கூசவில்லையே! அன்றைக்கு அவளோடு பேச்சை முறித்தவள்தான் இளையவள். இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது.

கடை டிவியில் ஆட்டம் ஓடியது. திரையின் மூலையில் டிவிக்காரர்கள் போட்ட கடிகாரம் அன்றைய மணியைக் காட்டியது. முதல் கேசட் ஏழு மணிக்கு முடிந்தது.

மெக்கானிக் இரண்டாவதைப் போட்டார். அது தொடங்கியதோ ஏழே முக்காலுக்கு.

"நடுவுல முக்கா மணி நேரத்தைக் காணோமே! மாத்தாம உங்கப்பா எங்க போயிட்டாராம்?"

அம்மா விழுந்தது ஏழேகாலுக்கு.

அவள் திரையிலிருந்த மணியையே திரும்பத் திரும்பப் படித்தாள். ஐயோ, இத்தனை வருஷமா அந்த ஆளுக்கா சோறு போட்டோம்?

செல்போன் அடித்தது. அப்பா.

"அந்த ரெண்டையும் நீதான் எடுத்தியா கண்ணு?" குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எங்க இருக்கே? தனியாவா இருக்கே?"

அவள் கடை வாசலைப் பார்த்தாள்.

"இல்லப்பா," என்றாள். "அக்காகூட இருக்கேன்."