ஊத்தாத பக்கம்

உள்ளூர் விவசாயி நசாரியோவைக் கையும் வாளியுமாகப் பிடித்துவிட்டாள் யாதிரா.

எலுத்தேரியாவின் பீன்ஸ் வயலில் இருபது சால். பத்துக்கு மட்டும் மண்புழு எரு ஊறவைத்த தண்ணீர்; மீதிப் பத்தில் ஒரு சொட்டுகூடப் படக் கூடாது என்று மூன்று மாதமாகக் கயிறு கட்டி வைத்திருந்தாள். அந்தப் பத்தில்தான் குனிந்து கறுப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தான் அவன்.

"என்ன அண்ணே பண்றீங்க?"

"பார்த்தா தெரியலையா இன்ஜினியரம்மா? ஊத்தறேன்."

"எத்தனை நாளா?"

"வாரத்துக்கு ரெண்டு வாளி. ஒன்றரை மாசமா."

அவள் கடைசியாக வந்து பார்த்து இரண்டு மாதம் ஆகிறது. சகாதேகாஸ் மாநிலத்துக் காய்ந்த மண்ணில் நாற்பது நாளாக மழை இல்லை. ஆனால் கயிற்றுக்கு இந்தப் பக்கமும் பச்சை, அந்தப் பக்கமும் பச்சை.

இன்னும் கொஞ்ச நேரத்தில் ஊர்ச்சபை லாரி வந்துவிடும். வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்தால்தான் பொது மண்புழுத் தொட்டிக்குக் கை தூக்குவார்கள். தூக்காவிட்டால் திட்டம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். அவள் வேலையும் கூடவே போய்விடும்.

சாலின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தாள். மண்ணை அள்ளிப் பிசைந்தாள். ஈரம் கையில் ஒட்டியது. கோபம் இன்னும் ஏறியது.

"இதைப் பிசாசு காப்பின்னு கூட்டத்துல கேலி பண்ணினதே நீங்கதானே? இது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அன்னைக்கு நீ காட்டின புழுவுல ரெண்டு கைப்பிடி தொப்பியில அள்ளிட்டுப் போனேன். பொய்னு நிரூபிக்கலாம்னுதான். என் கொல்லையில உடைஞ்ச குளியல் தொட்டி கெடந்துச்சு, அதுல விட்டு வளத்தேன். சனியன், நெஜமாவே வேலை செய்யுது."

"வேலை செய்யுதுன்னு காட்டத்தானே அண்ணே இந்தச் சோதனை! இதுல இருக்கற ஹியூமிக் அமிலம் மண்ணுல ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், ஃபுல்விக் அமிலம் வேருக்குச் சத்தை ஏத்தும்னு நான் வாயால சொன்னா எவன் நம்புவான்? ஊத்தினது நிக்கணும், ஊத்தாதது காயணும்."

"காயணுமா?"

"ஆமா, காயணும்."

நசாரியோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

அதற்குள் வருகிறவர்களுக்காகச் சுட்ட ரொட்டிக் கூடையோடு எலுத்தேரியா வந்துவிட்டாள். இடுப்பில் கடைக்குட்டி, பாவாடையைப் பிடித்தபடி இன்னும் இரண்டு.

"அக்கா, இவர் என்ன காரியம் பண்ணியிருக்கார் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மா இருந்தீங்களா? சோதனைக்குச் சம்மதம்னு கையெழுத்துப் போட்டீங்களே."

"போட்டேன். அந்தப் பத்து சால் சந்தைக்குப் போறது. இந்தப் பத்து எங்க பானைக்கு. எல்லை தாண்டி வடக்க வேலைக்குப் போன எங்க வீட்டு மனுஷன்கிட்டேர்ந்து ஒரு வருஷமா ஒரு போன்கூட இல்லை. ஆட்டெருகூடப் போடாதேன்னுட்டே. நானும் போடலை. இலையெல்லாம் சுருண்டு போச்சு."

யாதிராவின் குரல் இறங்கியது. "இதை அன்னைக்கே என்கிட்ட சொல்லியிருக்கலாமே அக்கா?"

"நீ எங்க கேட்டே? எந்தப் பாதியை விட்டுடலாம்னுதானே கேட்டே."

சாலைத் திருப்பத்தில் புழுதி கிளம்பியது. லாரி வந்து நின்றதும் பன்னிரண்டு பேர் குதித்தார்கள். சபைத் தலைவர் ஓதிலோன் பீன்ஸ் வரிசையை ஏற இறங்கப் பார்த்தார்.

"பயிர் நல்லாத்தான் இருக்கு. எந்தப் பக்கம் ஊத்தினது?"

நசாரியோவைக் காட்டிக் கொடுக்கலாம். பொய்யும் சொல்லலாம். யாதிரா பேனாவைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"ரெண்டு பக்கமும்" என்றாள் கடைசியில்.

"ரெண்டு பக்கமுமா? அப்போ எதோட எதை ஒப்பிடறது? ஊத்தாதது எதும்மா? அதைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் லாரி ஏறி வந்தோம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ஒருவர் லாரிப் பக்கமே திரும்பிவிட்டார்.

"ஊத்தாதது இருக்கு. வாங்க" என்றாள் எலுத்தேரியா.

"ஏய், சும்மா இரு" என்றான் நசாரியோ.

அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆள் உயரக் கள்ளிவேலியின் இடுக்கு வழியாக எல்லோரையும் அந்தப் பக்கம் கூட்டிப் போனாள். அதே மண், அதே விதை, அதே வானம். முழங்கால்கூட எட்டாத செடிகள் கருகிச் சருகாக நின்றன.

"யார் வயல் இது?" என்றார் ஓதிலோன்.

"நசாரியோவோடது. அவர் தொட்டியில வாரத்துக்கு ரெண்டு வாளிதான் ஊறும்."