நாலாவது பெட்டி

மூன்றாவது பேரிங் பெட்டியையும் மூடி, கவுண்டரின் மேல் கடைக்காரரை நோக்கித் தள்ளினாள்.

"இது வேண்டாம்ணே. வேற காட்டுங்க."

உதிரிபாகக் கடைக்காரர் பெருமூச்சு விட்டார். கடை திறந்ததும் வந்தவள். அவளுக்குப் பின்னால் வந்த நாலு பேர் வைப்பர், ஃபில்டர், பல்பு என்று கேட்டதை வாங்கிக்கொண்டு போயே விட்டார்கள். இவள் மட்டும் கல்லுப் பிள்ளையார் மாதிரி அசையாமல் நிற்கிறாள்.

முதல் பெட்டியை அவள் திறக்கக்கூட இல்லை. மேலே அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினாள். கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டு பெட்டியை மேசைக்கு அடியில் போட்டார்.

இரண்டாவது அசல் சரக்குதான். ஆனால் அலுமினியப் பேரிங். வீட்டு வண்டிக்குப் போட்டால் வருஷக்கணக்கில் உழைக்கும். நிமிஷத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றப்போகிற ரேஸ் எஞ்சினின் கிராங்க் தண்டை அதை நம்பி உட்காரவைக்க அவளுக்கு மனசு வரவில்லை.

மூன்றாவதில்தான் கடைக்காரருக்கு ரோஷம் வந்தது. கேட்டது கேட்டபடி மூன்றடுக்குப் பேரிங். எஃகு முதுகு, நடுவில் செம்புக் கலவை, மேலே சன்னமான பூச்சு. அளவும் சரி. அரை வளையம் அரை வளையமாக எடுத்து வாசல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். ஆறாவதன் மேல் கட்டைவிரல் நகத்தை ஓட்டியபோது, நகம் ஓரிடத்தில் தட்டியது.

"ஒரு கீறலுக்கா இவ்வளவு? ஓட ஓடத் தேஞ்சு சரியாயிடும்மா."

"ஓட ஓடத்தான்ணே பெருசாகும்."

பையிலிருந்து ஒரு துணி முடிச்சை எடுத்துக் கவுண்டரில் அவிழ்த்தாள். பழைய பேரிங் துண்டுகள். பூச்சு உரிந்து, செம்பு கருகி, இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்க் கிடந்தன. இருபது வருஷமாக இதே வியாபாரம் பார்க்கிறவர், முகத்தைச் சுளித்தார்.

போன வருஷத்து ரேஸின் கடைசிச் சுற்றில் கேட்ட அந்தச் சத்தம் அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை. முதலில் யாரோ கதவைத் தட்டுவதுபோல. அடுத்த வளைவில் சுத்தியலால் அடிப்பதுபோல. அப்புறம் புகை. அப்புறம் ஒரு வண்டி பாதையோரம் ஒதுங்கி நின்றுவிட்டது.

அந்த எஞ்சினைத்தான் இப்போது பிரித்துப் போட்டிருக்கிறாள். பதினோரு நாளாக வேறு வேலை இல்லை. கிராங்கைக் கடைசலுக்குக் கொடுத்து வாங்கினாள். அதன் உள்ளே எண்ணெய் ஓடுகிற துளை ஒவ்வொன்றையும் தானே பிரஷ் விட்டுத் தேய்த்தாள். வெயில் ஏறுவதற்கு முன் ஷெட்டுக்குப் போய், ஒவ்வொரு அளவையும் மூன்று தடவை எடுத்துத் தாளில் குறித்தாள்.

நேற்றுக் கணவனே அலுத்துக்கொண்டான். "கிடைக்கிறதைப் போட்டு மாட்டிடு. உன்னை யாரு கேக்கப்போறா?"

அவள் காலையில் அந்தத் தாளையும் மைக்ரோமீட்டரையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

கடைக்காரர் முக்காலி போட்டு ஏறி, மேல்தட்டின் பின்வரிசையிலிருந்து நாலாவது பெட்டியை இறக்கினார். சீல் உடையாமல் இருந்தது. தூசியை வேட்டி முனையால் துடைத்து, அவள் முன் வைத்தார்.

பத்து அரை வளையங்கள். நகம் எதிலும் தட்டவில்லை. எண்ணெய்த் துளைகள் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. ஒவ்வொன்றின் கனத்தையும் அளந்து, தாளில் இருந்த கிராங்க் அளவுக்குப் பக்கத்தில் எழுதி, கழித்துப் பார்த்தாள். எண்ணெய்க்கு விடவேண்டிய இடைவெளி ஒரு தலைமுடி நுழையாத அளவு. பத்துக்கும் கணக்கு சரியாக வந்தது.

அவள் மூச்சை விட்டாள்.

கடைக்காரருக்கும் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியதுபோல் இருந்தது. "இதைப் போட்டுட்டீங்கன்னா, ஞாயித்துக்கிழமை ரேஸ்ல உங்களைப் பிடிக்க ஆளே இல்ல" என்று சிரித்தார்.

"இது என் வண்டிக்கு இல்லண்ணே. எங்க நாத்தனார் வண்டிக்கு."

பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்த அவர் கை நின்றது.

"அவங்களும் உங்களுக்கு எதிராத்தானே ஓட்டுறாங்க?"

"ஆமா."

போன வருஷம் கடைசிச் சுற்றுவரை முன்னால் போனது நாத்தனார்தான். இவள் இரண்டு வண்டி தூரம் பின்னால் இருந்தாள். முந்த இடம் தேடிக்கொண்டிருந்தபோதுதான் முன்னால் போன வண்டியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. கோப்பை இப்போது இவள் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. நாத்தனார் வருவாள், டீ குடிப்பாள், அண்ணனோடு பேசுவாள். கோப்பை இருக்கிற பக்கம் மட்டும் திரும்பமாட்டாள். குத்திக்காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது இவள் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பாள்.

கடைக்காரர் இன்னும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவர் கையிலிருந்து பெட்டியை வாங்கி, பைக்குள் பத்திரமாக வைத்தாள்.

"போன தடவ அவளைத் தோக்கடிச்சது பேரிங்குண்ணே. இந்தத் தடவ அவ வண்டி கடைசி வரைக்கும் ஓடட்டும். மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."