மேற்குப் பக்கம் காலி

"மேற்குப் பக்கம் சுத்தமா காலி. கிழக்க போ மச்சான்!"

வயர்லெஸ்ஸில் பெல்மீரோவின் குரல். படகோட்டி அமரோவுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

மேற்கே கடற்பறவைகள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. பறவை வட்டமடித்தால் கீழே டால்ஃபின். பிக்கோ தீவில் பிறந்த பச்சைப்பிள்ளைக்குக்கூட இது தெரியும். குன்றின்மேல் பெரிய தொலைநோக்கியோடு உட்கார்ந்து படகுகளுக்கு வழி சொல்கிற காவல்காரன் பெல்மீரோவுக்குத் தெரியாதா?

"உன் கண்ணுல புரை விழுந்திருக்கா? அங்க பறவை சுத்துது!"

"சொன்னா கேளேன்டா! கிழக்க போ!"

படகின் முனையிலிருந்து ஒலிந்தா அம்மா திரும்பிப் பார்த்தார். "என்ன தம்பி, வயர்லெஸ்லயே குடும்பம் நடத்துறீங்க? என் டால்ஃபின் எங்க?"

"வருதும்மா... என் பெண்டாட்டியோட அண்ணன்தான் அவன். வயசாயிடுச்சு."

ஒலிந்தா அம்மா போர்த்தோ நகரத்திலிருந்து டால்ஃபின்களோடு நீந்த வந்திருந்தவர். பன்னிரண்டு பேர் போகிற படகைத் தனக்கு மட்டும் என்று பேசிவிட்டார். கரையில் ஒரு ஜெர்மன் குடும்பம், குழந்தையை வைத்துக்கொண்டு, கூட வரட்டுமா என்று கெஞ்சியது. "கூட்டம் எனக்கு ஆகாது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஏறியதிலிருந்து அதட்டல்தான். கயிறை ஒழுங்காகச் சுற்று, சிகரெட்டை அணை, நிமிர்ந்து உட்கார். ஜெயில் வார்டனாக இருந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டான் அமரோ.

"அறுபது வயசுல நீச்சல் கத்துக்கிட்டேன்" என்றார் அவர். "ரெண்டு வருஷம் சின்னப் பசங்களோட குளத்துல இறங்கித் தண்ணி குடிச்சேன். எதுக்கு? இந்த ஒரு நாளுக்கு. நாளைக்குக் காலையில ஊருக்குக் கிளம்பணும். இன்னிக்கு நான் அதுங்களோட நீந்தியே ஆகணும், ஆமா!"

திமிங்கில வேட்டை நடந்த காலத்திலிருந்தே இந்தத் தீவில் காவல்காரன் சொல்லுக்கு மறுபேச்சு கிடையாது. அமரோவும் இதுவரை மீறியதில்லை. இன்று மீறினான். படகை மேற்கே விட்டான்.

இருபது நிமிடம். தூரத்தில் முதுகுத் துடுப்புகள் தெரிந்ததும் மோட்டாரை அணைத்தான்.

பத்துப் பன்னிரண்டு டால்ஃபின்கள். துள்ளவில்லை, விளையாடவில்லை. தோளோடு தோள் ஒட்டி வட்டமாக நின்றிருந்தன. நடுவில் ஒரு தாய். அதன் மூக்கு நுனியில் ஒரு குட்டி. அப்போதுதான் பிறந்திருக்க வேண்டும். பெட்டியிலிருந்து எடுத்து உதறிய சட்டைபோல் உடம்பெல்லாம் மடிப்புக் கோடுகள்.

தாய் அதை மேலே தள்ளியது. குட்டி சரிந்து முழுகியது. கீழே இருந்து இன்னொன்று வந்து முதுகில் தாங்கித் தூக்கியது. மறுபடி முழுகியது. மறுபடி தூக்கின.

அமரோ மூச்சுவிடவில்லை.

'பூ...' என்று ஒரு சின்னச் சத்தம். குட்டி மூச்சு விட்டுவிட்டது!

இருபத்தாறு வருடமாகக் கடலில் கிடப்பவன் அமரோ. இதைப் பார்த்ததில்லை. தலையிலிருந்த தொப்பி எப்போது கைக்கு வந்தது என்றே தெரியவில்லை. கோயிலில் நிற்பதுபோல் நின்றான்.

அப்புறம்தான் பெல்மீரோவின் பொய் புரிந்தது. அந்தக் குன்றிலிருந்து யாரும் பொய் சொல்லி ஊர் கேட்டதில்லை. இதுதான் முதல் தடவை.

உடனே திரும்பிப் பார்த்தான். ஒலிந்தா அம்மா! நீச்சல் கண்ணாடியை மாட்டி, காலில் துடுப்பையும் மாட்டி, ஒரு காலைப் படகுக்கு வெளியே போட்டுத் தயாராக இருந்தார். குட்டி இருந்தால் தண்ணீரில் இறங்கக் கூடாது என்பது சட்டம். இந்த அம்மாவிடம் சட்டம் பேசி ஜெயிக்க முடியுமா? பார்த்த மறுநொடி தொபீரென்று குதித்துவிடுவார்.

என்ன பொய் சொல்லலாம் என்று அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"அதோ, கிழக்க! என்னமோ துள்ளுச்சு! திருப்புங்க தம்பி!"

அமரோ பார்த்தான். கிழக்கே வெறும் அலை. அப்பாடா, அலையைப் பார்த்து ஏமாந்துவிட்டார்!

"ஆமாம்மா, நானும் பாத்தேன்! பெரிய கூட்டம்!" என்று கூசாமல் சொன்னான்.

"மெதுவா போங்க. அப்படி என்ன அவசரம்?"

அதுவும் நல்லதாயிற்று. சத்தமில்லாமல் படகைத் திருப்பினான்.

மூன்று மணி நேரம் கிழக்கே சுற்றியும் ஒன்றும் கண்ணில் படவில்லை. ஒலிந்தா அம்மா அதட்டவே இல்லை. மாட்டிய கண்ணாடியைக் கழற்றவும் இல்லை. கடலில் இறங்காமலே கண்ணாடிக்குள் தண்ணீர். அமரோவுக்குப் பாவமாக இருந்தது. இரண்டு வருட ஆசையாயிற்றே!

கரையில் பெல்மீரோ தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான்.

"மன்னிச்சிடுங்கம்மா. இன்னிக்கு எனக்குக் கண்ணு சரியில்ல."

"இஞ்சினும் மக்கர்" என்றான் அமரோ, தன் பங்குக்கு.

ஒலிந்தா அம்மா இருவரையும் மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி, உள்ளே இருந்த தண்ணீரைக் கொட்டினார்.

"அது இருக்கட்டும். தொலைநோக்கியில கடைசியா பாத்தப்போ, தாயும் பிள்ளையும் நல்லா இருந்தாங்களா?"

பெல்மீரோ தன்னையறியாமல் தலையாட்டினான்.

"அம்மா... அப்ப நீங்க... கிழக்க துள்ளுச்சுன்னு..." அமரோ திக்கினான்.

"என்ன தம்பி பண்றது? முப்பத்திநாலு வருஷம் பிரசவ வார்டு வாசல்ல நின்னவ நான். எட்டிப் பாக்க வர்ற கூட்டத்த வேற பக்கம் திருப்பிவிட்டே பழகிப்போச்சு."